சீட்டில் வராத பெயர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

சட்டைத் துணி வாங்கச் சிவாஜிநகர் போனேன். கடையில் துணி அளந்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு, "சார், நீங்க ஈஜிபுரா ஸ்கூலுக்கு வருவீங்கல்ல? நான் செல்வி" என்றாள். முகம் நினைவில்லை. நினைவிருப்பதுபோலத் தலையாட்டினேன்.

படிக்கத் திணறும் குழந்தைகளைப் பற்றிய என் முதல் ஆய்வு அந்தப் பள்ளியில்தான் நடந்தது. பாதிப் பேருக்குத் தனிப்பாடம் நடத்தினேன். மீதிப் பேரை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அப்படியே விட்டுவைத்தேன். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தேன்.

"எனக்குப் பரீட்சை மட்டும் வெச்சு அனுப்பிடுவீங்க. பாடத்துக்குக் கூப்பிடவே மாட்டீங்க. இது தேறாத கேஸுன்னு அப்பவே கண்டுபிடிச்சிட்டீங்க. கில்லாடி சார் நீங்க!" என்று சிரித்தாள். எட்டாவதோடு நின்றுவிட்டாளாம். பில்லை இன்னொருவரிடம் எழுதக் கொடுத்தாள்.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆய்வு முடிந்ததும் விடுபட்டவர்களுக்கும் பாடம் நடத்துவதாகத் திட்டத்தில் எழுதியிருந்தேன். நடத்தவில்லை. அதற்குள் அடுத்த ஆய்வு வந்துவிட்டது.

அவள் தேறாதவள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளைப் பற்றி எதுவுமே நினைத்ததில்லை. இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் வலிக்குமா? கேட்டுப் பார்க்க வீட்டில் யாருமில்லை.

நாளை கடை திறக்கும்போதே போய்ச் சீட்டுக் குலுக்கியதைச் சொல்லிவிட வேண்டும். இன்னமும் படிக்கக் கற்றுக்கொள்ள ஆசையா என்றும் கேட்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தா என்று சிரிப்பாளோ என்று பயமாக இருக்கிறது.

சிரிக்கட்டும்.