எலுமிச்சைத் தோல் போட்ட தேயிலை

அன்புள்ள அம்மாவுக்கு,

இனியா எழுதறேனுங்க. உங்க முழங்கால் வலி எப்படி இருக்குதுங்க? அப்பா பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடறாருங்களா? இங்க லண்டன்ல நான் நல்லா இருக்கறேன். போன்ல சொல்ல வாய் வரலீங்க, அதான் எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமை, கூடத் தங்கியிருக்கற பொண்ணுக எல்லாம் ஆளுக்கொரு வாசனைத் தேயிலை கொண்டாந்து ருசி பார்க்க உக்காந்தோம். ரோஜாப்பூ போட்டது ஒண்ணு, பட்டை போட்டது ஒண்ணு. என்கிட்ட வேற எதுவும் இல்லாததால, சித்திரையில நீங்க கலந்து குடுத்த தேயிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சேன். அன்னிக்குத்தாம்மா முதல் தடவையாப் பிரிச்சேன்.

உள்ள உங்க கையெழுத்துல ஒரு சீட்டு. "கண்ணு, எலுமிச்சைத் தோல் போட்டிருக்குது. பால் ஊத்துனாத் திரிஞ்சுபோகும். தேன் விட்டுக் குடி."

வாராவாரம் நீங்க, "நான் குடுத்த டீயைக் குடிக்கறயா அம்மணி?"ன்னு கேட்டப்பவெல்லாம், "கெட்டியாப் பால் ஊத்தித் தினமும் குடிக்கறேனுங்க"ன்னு சொன்னேன். நீங்களும் "செரி கண்ணு"ன்னு விட்டுட்டீங்க. நான் சொல்றது பொய்யின்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையேம்மா. சீட்டைப் படிச்சதுக்கப்புறம் எனக்குத் தலை நிமிரவே இல்லீங்க.

எல்லாரும் உங்க டீயைத்தான் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. "உங்கம்மா இதை எப்படிச் செய்யறாங்க?"ன்னு ஒருத்தி கேட்டா. உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கறேனுங்க.

தோலை எத்தனை நாள் வெயில்ல காய வெச்சீங்கன்னு எழுதுங்க. அப்படியே என்னை ரெண்டு வார்த்தை திட்டியும் எழுதுங்கம்மா.

வேலைக்குப் போற பஸ் வந்துரும், முடிச்சுக்கறேனுங்க.

உங்க இனியா