நெதர்கோம் மதகின் கைப்பிடியைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
ஹில்டா தக்வெல்,
ஆலையடி வீடு, நெதர்கோம்.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
வெல்பரி மாவட்ட மன்றம், வெல்பரி.

பொருள்: மரபுச்சின்னம் என்று சொல்லி ஆலை மதகைத் திறக்கவிடாமல் தடுத்ததால் வீடு மூழ்கியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மாவு ஆலை அரைப்பதை நிறுத்தி நெடுங்காலமாகிறது. அதன் மதகு மட்டும் ஓய்ந்ததில்லை. மழை வலுத்தால், யார் வீட்டு வாசற்படி முதலில் நனைகிறதோ அவர் மதுக்கடைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் இரும்புக் கைப்பிடியை எடுத்துப்போய் மதகுப் பலகையை உயர்த்துவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் அவருக்கு பியர் இலவசம்.

2. சென்ற ஜூனில், ஓடை கணுக்காலளவு ஓடியபோது, தங்கள் மரபுச்சின்ன அதிகாரி திரு. அலஸ்டர் பிம் வந்தார். ஆலையின் எந்தப் பாகத்தையும் அசைக்கக் கூடாதென்று உத்தரவை ஒட்டிவிட்டு, கைப்பிடியையும் எடுத்துக்கொண்டார். மதுக்கடைக்காரர் சிரில் ஹாஸ்கெட், "சார், மேல கீழ போறதுதான் மதகுக்கு வேலை. சும்மா நிக்கணும்னா செவரு கட்டியிருக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். "இருநூறு வருஷமா நிக்குது, இனிமேலும் நிக்கட்டுமே" என்பது பதில். அசைந்ததால்தான் அது நின்றது என்பதைக் கேட்க அவர் நிற்கவில்லை.

3. நவம்பர் மழையில், மதகைத் திறக்க முடியாமல் நிரம்பிய ஆலைக்குளம் என் வீட்டுக்குள் வந்தது. திரு. பிம்மைத் தொலைபேசியில் அழைத்தேன். "எழுத்துல குடுங்க மேடம், பரிசீலிக்கிறோம்" என்றார். "தம்பி, நான் மேசை மேல நின்னு பேசுறேன். பேனா கீழ மிதக்குது" என்றேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவர் வில்ஃபை, ஊராரும் நானுமாகக் கழற்றிய கதவில் கிடத்திச் சன்னல் வழியாக வெளியேற்றினோம். இப்போது வெல்பரி பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மதகுக்கு வழி பிறக்கும்வரை வீட்டுக்கு அனுப்ப முடியாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் போகும்போதெல்லாம் வில்ஃப் கேட்பது ஒன்றுதான்: "கைப்பிடி வந்துச்சா, ஹில்டா?"

4. வந்திருக்கிறது, தங்கள் அலுவலக முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள். "பண்ணைக் கருவி. பயன் தெரியவில்லை" என்று அட்டை வைத்திருக்கிறார்கள். ஐயா, அதன் பயன் என் சமையலறைச் சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றால் எழுதப்பட்டிருக்கிறது. திரு. பிம் வந்து படிக்கலாம்.

5. அவருடைய வருத்தம் எனக்கு வேண்டாம். அது எந்தப் பலகையையும் உயர்த்தாது. உத்தரவிலிருந்து மதகை விலக்கி, கைப்பிடியை அடுத்த மழைக்கு முன் அனுப்புங்கள். என் கணவர் வீடு திரும்ப வேண்டும். தவறினால், வாசற்படி முதலில் நனைந்தவர் வழக்கப்படி யாரையும் கேட்காமல் அதை எடுக்க வெல்பரிக்கு வருவார். கண்ணாடிப் பெட்டியைப் பூட்டாமல் வையுங்கள். உடைத்துத் திறந்து எங்களுக்குப் பழக்கமில்லை. மதுக்கடையில் அது பூட்டில்லாமல்தான் தொங்கியது.

இடம்: நெதர்கோம்
நாள்: 3 டிசம்பர் 2012

இப்படிக்கு,
இன்னும் ஈரம் காயாத வீட்டிலிருந்து,
ஹில்டா தக்வெல்