உன் படையலுக்கு ஒரு புட்டின்

என் ஆசை அண்ணாத்தே,

நல்லா இருக்கியா என்று கேட்க முடியாது. அதனால் நேராகத் திட்டிலேயே ஆரம்பிக்கிறேன். உனக்கு எதையாவது முழுசாக எழுதத் தெரியுமா? மாண்ட்ரியலில் ஏழு வருஷம் ஓட்டல் அடுப்படியில் நின்றவன், தங்கச்சி ஆசையாகக் கேட்ட அந்த ஊர்ப் புட்டின் சமையல் குறிப்பை இப்படியா அனுப்புவாய்?

இதோ நீ போனில் அனுப்பியது, ஒரு எழுத்து மாறாமல்: ‘கறியில உப்பு மிளகு மல்லி தடவி அஞ்சு நாள் பிரிட்ஜ்ல வை. தண்ணில ஊறவை. புகை போடு. ஆவில வேகவை. உருளை வறுவல் மேல சீஸ் கட்டி, அது மேல கறி, அது மேல சூடா கிரேவி. சீஸைக் கடிச்சா கீச்சுன்னு சத்தம் வரணும். உப்பு மட்டும் வாய்ல வச்சு வச்சுப் பாத்துக்கோ. அவ்ளோதான் டீ, ஈஸி.’

ஈஸியாம். எவ்வளவு உப்பு? எத்தனை மணி நேரம் ஊறணும்? யாரைப் போய் கேட்பது?

ரெண்டு வருஷமாக அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீதான் வந்து செய்து தருவதாகச் சொல்லியிருந்தாயே. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாசி மாதம் பெட்டியில் வந்தாய். அன்றிலிருந்து அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி சும்மாவே இருந்தது. உன் படத்தை பிரேம் போட்டு வாங்கி வந்தும் அம்மா மாட்ட விடவில்லை. புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். “செத்தவங்க வரிசைல எம்புள்ளய மாட்டுவியா நீ?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

அப்படிப்பட்டவள் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பூண்டு உரித்துக்கொண்டே சொல்கிறாள்: “இந்த வாட்டி படையல்ல அவனுக்கும் ஒரு எல போட்டுடுடி. போன்ல சொல்லிகினே இருப்பானே, அந்த ஊரு ஐட்டம், அத்த செஞ்சு வைக்கணும்.”

சரிம்மா என்றேன். பாத்ரூமில் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீ அங்கே மாட்டுக்கறியில் செய்வாய். அது நம் வீட்டு அடுப்பில் ஏறாது, உனக்கே தெரியும். ஆட்டுத் தொடை வாங்கினேன். மிளகும் மல்லியும் இடித்து அதன்மேல் அப்பியதைப் பார்த்து அம்மா, “இது நம்ம ஊட்டு மசாலாதானே, இதுக்கா அவ்ளோ தூரம் போனான்?” என்றாள். ஐந்து நாள் அந்தக் கறி பிரிட்ஜில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. இட்லி மாவு வெளியே புளித்துப் பொங்கியது.

புகைக்கு மேப்பிள் கட்டை போடுவோம் என்று எப்போதோ பெருமை அடித்தாயே, நம்ம ஊர் அண்ணனூரில் மேப்பிளுக்கு நான் எங்கே போவது? என் வீட்டுக்காரர், உன் அருமை மச்சான், பழைய எண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு, கம்பியில் கறியைத் தொங்கவிட்டு, மொட்டை மாடியில் மாங்கட்டையும் கொட்டாங்குச்சியும் கொளுத்தினார். கீழ் வீட்டு அம்மா ஏறி வந்து புகை தாங்கவில்லை என்று கத்தினார். அந்த நேரத்தில் தெரு முழுக்க பட்டாசுப் புகை, அண்ணே! அதற்கு ஒரு வார்த்தை இல்லை.

இதெல்லாம் போகட்டும். பெரிய வம்பே அம்மாவின் சட்டம்தான். படையலுக்குச் செய்வதை முன்னாடியே வாயில் வைக்கக் கூடாது. சாதா குழம்பு என்றால் கை அளவு தெரியும், வாசனையிலேயே சொல்லிவிடுவேன். இதை நான் பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லை. ருசி தெரிந்த ஒரே ஆள் நீ. நீயோ இலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய்.

நாலு லிட்டர் பாலைத் திரித்து, துணியில் கட்டி, அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைத்து சீஸ் மாதிரி ஒன்றைப் பண்ணினேன். கடிக்காமல் கீச்சுச் சத்தம் எப்படி வரும்? உன் மச்சான் நைசாக வந்து, “நான் வேணா ஒண்ணே ஒண்ணு கடிச்சுப் பாக்கட்டா?” என்றார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் மனுஷன் தேங்காய் வாங்கப் போய்விட்டார். வீட்டில் ஏற்கெனவே மூன்று தேங்காய் இருந்தது.

தீபாவளி அன்று காலையில் உனக்குப் புதுச் சட்டை வைத்தோம். நாற்பத்திரண்டு சைஸ். அம்மா தன் கையாலேயே உன் படத்தை எடுத்து வந்து துடைத்து, அந்த ஆணியில் மாட்டினாள். வறுவல் ஆறினால் சவசவத்துவிடும் என்று நான் ஒருபக்கம் பதறிக்கொண்டிருந்தேன். படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்கணுமே, அதற்குள் என்ன கதி ஆகும் என்று அந்த நேரத்திலும் உன்னைத்தான் திட்டினேன்.

வாழையிலை கழுவப் பின்பக்கம் போய்த் திரும்பினால், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிறாள். கன்னம் அசைகிறது. கீச்சென்று ஒரு சத்தம்.

“இன்னாம்மா துன்ற?”

“கத்தாதடி.”

“என்னை மட்டும் நாக்குல வைக்காதன்னு காலைல இருந்து உசுர எடுத்தியே!”

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “சத்தம் வருதுடி, அவன் சொன்ன மாரியே” என்றாள். பிறகு கறியில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டாள். முகம் சுருங்கியது. “உப்பு கரிக்குது. இத்த எப்படிடி அவனுக்கு வைக்கறது?”

“படையலும்மா. எச்சில் ஆயிடுச்சே” என்றேன்.

“ஆவட்டும். எம்புள்ளைக்கு நான் வாய்ல வச்சுப் பாக்காம என்னிக்குடி சோறு ஊட்டியிருக்கேன்? சூடா கீதா, காரமா கீதான்னு பாத்துதானே குடுத்தேன்? அவங்கப்பன் சாமி. இவன் புள்ளடி.”

சொல்லிக்கொண்டே கறியை வெந்நீரில் ஒரு தடவை அலசினாள். உப்பில்லாமல் இன்னொரு கரண்டி கிரேவி காய்ச்சினாள். மறுபடியும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “இப்போ துன்னுவான்” என்றாள். அப்பாவுக்கு மட்டன் குழம்பு, வடை, சுருட்டு. உனக்குப் புட்டின். கற்பூரம் காட்டிவிட்டு நான் கதவைச் சாத்தப் போனபோது, “சீக்கிரம் தொறந்துடு, அவனுக்கு ஆறக் கூடாது” என்றாள்.

அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன். அடுத்த தீபாவளிக்கும் உன் இலையில் இது இருக்கும். உப்பு எவ்வளவு, ஊறுவது எத்தனை மணி நேரம், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன். ஆனால் அந்த நோட்டை அம்மாவிடம் காட்ட மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் நான் இலை கழுவப் பின்பக்கம் போவேன், கொஞ்சம் மெதுவாகவே திரும்பி வருவேன்.

உன்னை இன்னும் திட்டி முடிக்காத தங்கச்சி,
கோமதி