கச்சான் கொடியை எரித்தவர்கள் நட்ட பெயர்ப்பலகை

அன்பும் கொஞ்சம் பயமுமாக, யோகம் மச்சாளுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்கு முகம் இருக்கவில்லை. போன கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு, இதைச் சொல்ல உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை என்று பட்டது. என் மனிசன், உங்கள் தம்பியிடம் சொன்னால் அவர் சிரித்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விடுவார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீடுகளுக்குப் போகிற ஒழுங்கை முகப்பில் பச்சை நிறத்தில் ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. மண்ணை மீளுயிர்ப்பிக்கும் கச்சான், மரமுந்திரிகைச் செய்கைக்கான மாதிரித் தோட்டம் என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே எங்கள் கமக்காரர் அமைப்புத் தலைவரின் பெயர். ஓம், அவர்தான். உங்கள் காணிச் சருகை அள்ளி எரிப்பித்த அதே மனிதர். பலகைக்குப் பின்னால் கிடப்பது அவருடைய காணி. அதில் ஒரு பிடி சருகு கிடையாது. காற்றடித்தால் மண் பறந்து கண்ணுக்குள் விழுகிறது.

இதை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீளக் குடியேறி முள்ளியவளைக்கு வந்தபோது நம் இரண்டு வீட்டுக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. என் பக்கத்தில் மண்ணாவது மிஞ்சியிருந்தது. உங்கள் பக்கத்து மேல்மண்ணை இயந்திரம் வைத்து வழித்து, சண்டைக் காலத்தில் மண் அணை கட்டக் கொண்டுபோயிருந்தார்கள். வெளிறிய மணலும் மூலையில் மூன்று கோணல் கஜு மரமும்தான் உங்களுக்கு, பலகையில் மரமுந்திரிகை என்று எழுதியிருப்பது அதைத்தான். முதல் மாரிக்குப் போட்ட கச்சான் சாண் உயரம்கூட வளராமல் மஞ்சளாகி நின்றது. பிடுங்கினால் வேரடியில் கடலைக் கோது இருந்தது, உள்ளே பருப்பு இல்லை.

நீங்கள் அழவில்லை. சைக்கிளை எடுத்தீர்கள். பக்கத்து ஊர் தண்ணீரூற்று வரைக்கும் போய், கச்சான் பிடுங்கி முடிந்த தோட்டங்களில் எரிக்கக் குவித்திருந்த கொடிகளைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். கொடிக்கட்டு மட்டும்தான் தெரியும், உங்களையும் தெரியாது, சைக்கிளையும் தெரியாது. “வசந்தியின்ரை மச்சாள் குப்பை பொறுக்குறா” என்று சங்கத்துப் பெண்கள் கதைத்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடிக்கவேண்டும்போல இருக்கிறது.

கொண்டுவந்த கொடியை மணலின் மேல் பரப்பினீர்கள். வேலி முழுக்கக் கிளிசரிடியா நட்டு, அந்த இலையையும் வெட்டி வெட்டிப் போட்டீர்கள். ஒரு மாரி கச்சான் போட்ட இடத்தில் அடுத்த மாரி எள்ளு, அதற்கடுத்தது குரக்கன், பிறகுதான் மறுபடி கச்சான். புதிய கஜுக் கன்றுகளை அகல அகலமாக நட்டு இடையில் கச்சான் வரிகள். உழவு இயந்திரத்தைப் படலைக்குள் விடவே இல்லை. விதை விழுகிற வரியை மட்டும் மண்வெட்டியால் கீறினீர்கள், மிச்ச மண்ணை மூடியபடியே விட்டீர்கள்.

கஜு மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடுகட்டும் சிவத்த எறும்பைக்கூட நீங்கள் கொல்லவில்லை. அது துளிரை உறிஞ்சுகிற பூச்சியைத் தின்னும் என்றீர்கள். நாங்கள் மருந்தடித்து எறும்பைக் கொன்றோம். பிறகு பூச்சிக்கு மருந்தடித்தோம். பிறகு பூ கருகுகிறது என்று அதற்கும் மருந்தடித்தோம். முதுகில் மருந்துத் தாங்கியோடு நின்ற நாங்கள்தான் கெட்டிக்காரர், நீங்கள் விசரி.

ஆறாம் வருசம் எங்கள் தோட்டங்களில் வெள்ளைப் புழு கச்சான் வேரைத் தின்னத் தொடங்கியது. வருசா வருசம் ஒரே மண்ணில் ஒரே பயிரைப் போட்டு, கொடியை எரித்து, மண்ணைச் சாகடித்து வைத்தது நாங்கள். ஆனால் தலைவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். புழு உங்கள் குப்பையில்தான் பிறக்கிறதாம். வேலிக்கடியால் நடந்து எங்களிடம் வருகிறதாம். இந்த விஞ்ஞானத்தைக் கூட்டத்தில் இருபது பேர் தலையாட்டிக் கேட்டார்கள். ஒருவராவது உங்கள் காணிக்குள் போய் ஒரு புழுவைத் தேடிப் பார்க்கவில்லை.

அப்போது நான்தான் அமைப்பின் செயலாளர். உங்களுக்குக் கடிதம் எழுதும்படி என்னிடம் சொன்னார். சருகை அகற்றவேண்டும் என்று மட்டும்தான் அவர் சொன்னது. ‘அயலவரின் வாழ்வாதாரத்துக்குக் கேடு விளைவிக்கும் வகையில்’ என்ற வரி என்னுடையது. யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. எழுதி முடித்து ஒருமுறை வாசித்தும் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் நீங்கள் வேலிக்கு வந்தீர்கள். கையில் கடிதம்.

“எழுத்து நல்ல வடிவாயிருக்கு, வசந்தி.”

“அமைப்பின்ரை முடிவு, மச்சாள். நான் எழுதத்தான் எழுதினனான்.”

“ஓம். ஒருக்கா உள்ளை வந்து மண்ணைக் கிண்டிப் பாத்திட்டு எழுதியிருக்கலாம். கிட்டத்தானே இருக்கிறன்.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். கோபிக்கவும் இல்லை. படலை திறந்துதான் கிடந்தது. நான் வரவில்லை.

மூன்றாம் நாள் அமைப்பின் உழவு இயந்திரம் வந்தது. நாலு ஆண்கள் வாரியால் வழித்து, கொடி, இலை, சருகு எல்லாவற்றையும் காணி நடுவில் குவித்தார்கள். அடியில் கிடந்தது கறுத்து, ஈரமாக, மண்ணும் இல்லை இலையும் இல்லை என்கிற மாதிரி இருந்தது. அதையும் விடவில்லை. இரண்டு நாள் புகைந்தது. மூத்த கஜு மரம் ஒன்றின் ஒரு பக்கம் கருகியது. நீங்கள் அந்த மரத்தின் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருசத்து உழைப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும், மச்சாள். தெரியாது என்று சொன்னால் அது பொய். புகை அடங்கிய அன்று விடிய நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடி கொடி தேடிப் போனீர்கள்.

பிறகு நாட்டில் உரம் இல்லாமல் போன வருசம் வந்தது. எங்கள் கமக்காரர்களின் கெட்டித்தனம் முழுக்க உரப்பையோடு சேர்ந்து காணாமல்போனது. ஒழுங்கை நீளத்துக்குக் கச்சானைப் பிடுங்கிப் பிடுங்கி நசித்துப் பார்த்தார்கள். வெறும் கோது. உங்கள் காணியில் மட்டும் ஒரு செடியைப் பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாரிக்கு அகப்படாமல் அடியில் மிஞ்சியதையும், அதற்குப் பிறகு நீங்கள் சேர்த்ததையும் கொண்டு அந்த மண் எழும்பியிருந்தது.

அப்போதாவது வெட்கப்பட்டார்களா? உங்கள் கிணற்றடி ஊற்று அப்படி என்றார்கள். அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த மாரிக்கு விதைக் கச்சான் கேட்டு ஒவ்வொருவராகப் படலையடிக்கு வந்தார்கள். தலைவரும் வந்தார். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பேன். நீங்கள் எல்லாருக்கும் அளந்து கொடுத்தீர்கள். ஒன்றுதான் கேட்டீர்கள்.

“கொடியை மட்டும் எரியாதையுங்கோ. விதைச்ச மண்ணிலையே விடுங்கோ.”

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். தை மாதம் பிறந்து கச்சான் பிடுங்கியதும் ஒழுங்கை முழுக்கப் புகை. நானும் எரித்தேன். உங்களிடம் விதை வாங்கி, உங்கள் முகத்தைப் பார்த்து ஓம் சொல்லிவிட்டு, வேலியோரமாக வைத்தே எரித்தேன். எல்லாரும் எரிக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்தப் புகை உங்கள் பக்கம் வந்தபோது என்ன நினைத்தீர்கள்? நீங்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இப்போதாவது கேட்கமாட்டீர்களா?

மாசியில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை. செத்த வீட்டில் தலைவர் நீங்கள் ஒரு முன்மாதிரி விவசாயி என்று பேசினார். நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினேன்.

சிறுபோகத்துக்கு உங்கள் தம்பியும் நானும் உங்கள் காணியில், நீங்கள் செய்தபடியே, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் கச்சான் போட்டோம். அது பூக்கிற நேரத்தில் வெள்ளை வாகனத்தில் ஒரு விவசாயத் திட்டத்தின் ஆட்கள் வந்தார்கள். மண்ணை மீளுயிர்ப்பிக்கிற விவசாயத்தை வன்னிக்கு அறிமுகப்படுத்தப் போகிறார்களாம். உங்கள் சைக்கிள் இன்னும் எங்கள் கொட்டிலில் சாத்திக் கிடக்க, அவர்கள் அறிமுகப்படுத்தப் போகிறார்கள். காணியைச் சுற்றிப் பார்த்து நன்றாகத்தான் புகழ்ந்தார்கள். கஜு மரத்தடியில் நின்று படமெடுத்தபோது சிவத்த எறும்பு பெரிய அதிகாரியின் சேட்டுக்குள் இறங்கிவிட்டது. மனிதர் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அதன் பிறகுதான் அதை மாதிரித் தோட்டமாக எடுப்பதற்கு நிபந்தனைகளைச் சொன்னார்கள். எறும்பை அழிக்கவேண்டும், வருகிறவர்களைக் கடிக்கும். மூன்று கோணல் மரத்தையும் தறிக்கவேண்டும், வரி நேராக இருந்தால்தான் படத்தில் வடிவாக விழும். சருகை ஓரமாக ஒதுக்கி நடைபாதை போடவேண்டும். உங்கள் தம்பி வாழ்க்கையில் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார்.

“மரம் நிக்கட்டும். நீங்கள் போயிட்டு வாங்கோ.”

அவர்கள் போனார்கள், நேரே தலைவரிடம். அவருடைய காணியில் மரமும் இல்லை, எறும்பும் இல்லை, சருகும் இல்லை. எல்லாம் நேர். அவர்களுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

போன கிழமை திறப்பு விழா. செயலாளர் என்றபடியால் நானும் போனேன். பந்தலுக்குள் ஒரு மேசை. மேசையில் காய் குலைகுலையாகத் தொங்கும் நாலு கச்சான் செடி. தலைவர் அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, ஆரம்பத்திலிருந்தே மண்ணை மூடி வைத்ததால் கிடைத்த விளைச்சல் என்று பேசினார். உங்கள் தம்பி இரவு சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தின நாள் வீட்டில் நான் இல்லாத நேரம் தலைவர் வந்து, பார்க்கவேண்டும் என்று உங்கள் தம்பியிடம் கேட்டு நாலு செடி பிடுங்கிக்கொண்டு போயிருந்தார். வேரில் ஒட்டியிருந்த மண் கறுப்பு. அவர் நின்றுகொண்டிருந்த மண் சாம்பல் வெள்ளை. பந்தலுக்குள் இருந்த அவ்வளவு படித்தவர்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

நான் எழும்பினேன்.

“இந்தக் கச்சான் யோகம் மச்சாளின்ரை காணியிலை புடுங்கினது. அந்தக் காணிச் சருகை எரிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினது நான். எழுதுவிச்சது இவர்.”

பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் என்ன என்று கேட்டார். அவள் தயங்கி ஏதோ சின்னதாகச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து கைதட்டினார். அவர் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். தலைவரும் தட்டினார். பெண் விவசாயிகளின் அனுபவத்தைப் பகிர்கிறா என்று மொழிபெயர்த்ததாகப் பிறகு அவளே என்னிடம் வந்து சொன்னாள். வேலை போய்விடும் என்று பயந்தாளாம். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நானும் ஒருகாலத்தில் சொல்லிக் கொடுத்ததை வடிவாக எழுதியவள்தானே.

வெளியே வரும்போது தலைவர் பக்கத்தில் வந்தார்.

“செத்த ஆளின்ரை கதையை ஏன் பிள்ளை இதுக்குள்ளை?”

“செத்தது மச்சாள். நீங்கள் எரிச்சதை நான் உயிரோடை இருந்து பாத்தனான்.”

அன்றைக்கே அமைப்பின் புத்தகங்களை அவர் வீட்டுக் கதிரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்களைப் பெருமைப்படுத்திவிட்டேன் என்று நினைத்து இதை எழுதவில்லை. கேட்கவேண்டிய நீங்கள் போன பிறகு எழும்பி நிற்பதற்குப் பெரிய துணிவு தேவையில்லை.

முந்தநாள் ஒரு மழை பெய்தது. விட்டதும் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விரலால் குத்திப் பார்த்தேன். உங்கள் மண்ணில் விரல் முழுக்க இறங்கியது, அடி வரைக்கும் ஈரம். என் மண்ணில் நகம்தான் இறங்கியது. மழை முழுக்க மேலால் வழிந்து ஒழுங்கைக்குப் போய்விட்டது. இத்தனை வருசம் வேலிக்கு இந்தப் பக்கம் நான் செய்ததற்கு விவசாயம் என்று பெயர்.

இந்த மாரிக்கு என் காணியில் கச்சான் இல்லை, மச்சாள். எள்ளுப் போடப்போகிறேன், அடுத்ததற்குக் குரக்கன். கஜுக் கன்று பதினெட்டு, உங்கள் மரத்துக் கொட்டையில் முளைக்கப் போட்டது, பையில் நிற்கிறது. என் மண் உங்கள் மண்போல ஆகும்வரை நான் இருப்பேனோ தெரியாது. இருக்கிறவரைக்கும் அதில் நெருப்பு வைக்கமாட்டேன். வேறு யாரும் வைக்கவும் விடமாட்டேன்.

உங்கள் தம்பி பெண்சாதி,
உங்கள் மச்சாள்,
வசந்தி