துறைமுகக் காக்கைகளின் இசைத்தட்டு

காஜா பெராங், மலாக்கா
22.10.1962

அன்பு நண்பன் ஜெயபாலனுக்கு,

தம்பிராஜா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் சுகம். ஹாம்பர்க் குளிர் உன்னை எப்படி வைத்திருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

நீ அனுப்பிய இசைத்தட்டு கிடைத்தது. கப்பல் வேலைக்குப் போனவன் கரையிறங்கி, ஜெர்மன் பையன்களோடு மதுக்கடை நிலவறையில் கிதார் வாசிக்கிறேன் என்று எழுதியபோது நான் நம்பவே இல்லை. பிறகு பெரிய நடன மண்டபம், போட்டியில் முதல் பரிசு, இப்போது இசைத்தட்டு. குழுவுக்குத் துறைமுகக் காக்கைகள் என்று பெயர் வைத்தவன் எவனடா? இருந்தாலும் காக்கைகள் உயரத்தான் பறந்துவிட்டன. அட்டைப் படத்தில் நான்கு பேரும் வெள்ளைக்காரர்கள். படம் எடுத்த அன்று உனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதும், கஷாயம் வைத்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று அம்மா அழுதார்.

நம் குழு கலைந்துபோனது. பொன்னுதுரையும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சுதந்திரம் வந்த மெர்டேக்கா இரவில் பாடாங் திடலில் வாசித்தோமே, அந்த டிரம் செட் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. தனியாக எடுத்து அடித்தால் அக்கம்பக்கத்தார் சாவு வீடு என்று நினைப்பார்கள். சாயங்காலமானால் பேச ஆளில்லாமல் உன் வீட்டுக்குத்தான் போகிறேன்.

சரஸ்வதி பூஜைக்கு உன் பழைய கிதாரைத் துடைத்துப் பொட்டு வைத்தோம். பூஜையில் வைத்த வாத்தியத்தை விஜயதசமியன்று எடுத்துக் கொஞ்சமாவது வாசிக்க வேண்டுமே. போன வருஷம் நான்தான் கம்பியைத் தட்டிவிட்டு வைத்தேன். இந்த முறை அம்மா, அவன் கை வாசித்ததே வந்திருக்கிறதே என்று இசைத்தட்டைக் கிதாரின் மேல் வைத்துவிட்டார். மறுநாள் அலி அக்பர் கடையிலிருந்து ரெக்கார்டு பிளேயர் இரவல் வாங்கி வந்தேன். வீடு கொள்ளாத கூட்டம்.

ஜெயபாலா, தெங்கேராவில் மலாய்க் கல்யாணங்களுக்கு ஜோகெட் ஆட்டப் பாட்டு வாசித்து ஊறிய கை உன்னுடையது. எந்தப் பாட்டை எடுத்தாலும் அந்தத் துள்ளல் வந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை உன்னைத் திட்டியிருப்பேன்! தட்டின் இரண்டு பக்கமும் கேட்டேன். கிதார் சுத்தமாக, நேராகப் போனது. துள்ளல் எங்குமே இல்லை.

அம்மா என் தோளைத் தொட்டு, இதுல என் புள்ள வாசிக்கிறது எதுடா என்று கேட்டார். யாரோ வாசித்ததைக் காட்டி, இதோ, இதுதாம்மா என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் நீ யாரோடு சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய் என்றே மனம் அடித்துக்கொள்கிறது. நான் எதையும் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம். இங்கே வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் வராது.

கிதாருக்குப் புதுக் கம்பி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த விஜயதசமிக்கு அம்மா முன்னால் அதை நீ எடுக்க வேண்டும். உன் இஷ்டத்துக்குத் துள்ளிக்கொண்டு வாசி. நான் திட்டாமல் கூடவே அடிக்கிறேன்.

சன்னாசிமலை ஆண்டவர் உன்னைப் பத்திரமாக எங்களிடம் கரை சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
தம்பிராஜா