இனசால் கோழியும் என் மூக்கும்

ஏப்ரல் 9

கிரிஸ்புலோ இன்று கோழியைச் சோடாவில் குளிப்பாட்டினான். இரண்டு பெரிய பாட்டில் எலுமிச்சைச் சோடா. நுரை பொங்கி வழிவதை ஏதோ எரிமலையைக் கண்டுபிடித்தவன் போல ரசித்துக்கொண்டிருந்தான். என் மனைவி ஒலிம்பியாவின் தம்பி இவன். எதிர் வீடு. அதனால் இவன் செய்கிற எதையும் பார்க்காமல் இருக்க எனக்கு வழியில்லை.

"இது இனசாலா, பொறந்தநாள் பார்ட்டியா?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"சோடா ஊத்தினா கறி பஞ்சு மாதிரி ஆகும் மச்சான்."

"வினிகர் எதுக்குடா இருக்கு? முப்பத்தோரு வருஷம் சயின்ஸ் எடுத்தவன் சொல்றேன். சோடா ஊத்தினா பஞ்சாகறது கறி இல்ல, உன் மூளை."

சிரித்தான். இவனிடம் உள்ள பெரிய குறை அதுதான், திட்டினால் சிரிப்பான்.

இனசால் என்பது எங்கள் ஊர்ச் சுட்ட கோழி. அதற்குத் தென்னை வினிகர், கலமன்சி எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, தட்டிய எலுமிச்சைப்புல், உப்பு, ஒரு கை நாட்டுச் சர்க்கரை. மூன்று மணி நேரம் ஊற வேண்டும், அதற்கு மேல் ஊறினால் சதை குழையும். பிறகு மூங்கில் குச்சியில் கோத்து, கொட்டாங்குச்சிக் கரியில் வாட்டி, சப்பிரா விதை காய்ச்சிய சிவப்பு எண்ணெயைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். சோடாவுக்கு இதில் நாற்காலி போடப்படவில்லை.

மே பதினைந்து எங்கள் ஊர்ப் புனிதர் சான் இசித்ரோ திருநாள். எங்கள் தெரு முழுவதற்கும் கோழி சுடுவது ஒன்பது வருடமாக நான்தான். இந்த வருடம் தனக்கு வேண்டும் என்கிறான் சோடாக்காரன்.

ஏப்ரல் 10

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். அவன் கோழியை வாட்டியபோது புகை நேராக என் முகத்துக்கு வந்தது. கண் எரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மார்ச்சில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காப்பி வெந்நீர். மீன் ஈர அட்டை. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் ஏதோ அடுத்த வகுப்பில் பாடம் நடக்கிற மாதிரி மெல்லிசாகத் தெரிகிறது. டாக்டர், "சில பேருக்கு மாசக்கணக்குல திரும்பும், சில பேருக்குத் திரும்பாது" என்றார். இந்த மாதிரி விடை எழுதிய பையனுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன்.

யாருக்கும் சொல்லவில்லை. இந்த நோட்டுக்கு மட்டும்.

ஏப்ரல் 12

இந்தத் தெருவின் மூக்கு நான்தான். என் பீற்றல் இல்லை இது, ஊர் வழக்கம். மீன் கெட்டதா, பழைய சோறு ஆகுமா, வினிகர் முற்றியதா என்று கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். நான் கண்ணாடியைக் கழற்றுவேன். கண்களை மூடுவேன். குனிந்து முகர்ந்து, மனசுக்குள் மூன்று வரை எண்ணுவேன். எண்ணுவதற்கு ஒரு அவசியமும் இல்லை, முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். ஆனால் விடையை உடனே சொல்கிற வாத்தியாரை யாரும் மதிப்பதில்லை.

இன்று பக்கத்து வீட்டு நியேவெஸ் கானாங்கெளுத்தி நான்கு கொண்டுவந்தாள். கண்ணாடி, கண், மூன்று. எல்லாம் செய்தேன். மூக்கு மட்டும் வேலைக்கு வரவில்லை.

"தாராளமா சமை" என்றேன்.

"சார் சொன்னா சரிதான்" என்று போய்விட்டாள்.

மீனின் கண் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. பார்த்தேன். பார்த்தும் சொன்னேன்.

ஏப்ரல் 14

நியேவெஸுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. இன்று எழுந்ததும் முதல் வேலையாகச் சந்தைக்குப் போய் மீன்காரியை நடுச்சந்தையில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். "சார் மோந்து பாத்தப்ப நல்லா இருந்துச்சு. அப்புறம் நீ என்னத்தடி தடவிக் குடுத்த?" என்றாளாம். இதில் என்ன தர்க்கம் என்று எனக்குப் புரியவில்லை. புரிய வைக்க நான் வாய் திறக்கவும் இல்லை.

காப்பியடித்த பையனை எழுப்பி நிறுத்தி எத்தனை முறை கேட்டிருக்கிறேன், ஏண்டா, தெரியலன்னு எழுதினா என்ன குறைஞ்சு போகும்? இப்போது அந்தக் கேள்விக்கு விடை தெரிகிறது. நிறையக் குறைந்து போகும்.

ஏப்ரல் 18

பழைய பெட்டியில் லிட்மஸ் தாள் ஒரு புத்தகம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து நான் எடுத்து வந்த ஒரே அரசாங்கச் சொத்து. கோழி ஊற வைக்கிற சாற்றில் நீலத் தாளை முக்கினேன். சிவந்தது. அமிலம் என்றது தாள். வினிகர் ஊற்றினது நான்தானே, எனக்குத் தெரியாதா. சாறு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மறுபடியும் அமிலம் என்றது. மனப்பாடம் செய்த பையன் மாதிரி.

திரும்பினால் வாசலில் ஒலிம்பியா.

"என்ன பண்றீங்க?"

"சோதனை."

"கோழிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இந்தப் பெண்பிள்ளை பதிலுக்கு நிற்பதே இல்லை.

ஏப்ரல் 24

கிரிஸ்புலோ ஒரு கண்ணாடி பாட்டிலோடு வந்தான். வெளிநாட்டில் இருக்கும் அவன் மூத்த மகள் அனுப்பியதாம். மேலே மூங்கில், டிராகன், ஒரு கோபுரம். 'ஆசியச் சுவையில் கோழி ஊறச்சாறு' என்று எழுதியிருக்கிறதாம்.

"எந்த ஆசியா?" என்று கேட்டேன். "துருக்கியும் ஆசியாதான். மங்கோலியாவும் ஆசியாதான். அங்க ஒட்டகம், இங்க எருமை. ஒரே பாட்டில்ல எப்படிடா அடைச்சான்? நாளைக்கு மனிதச் சுவைன்னு ஒண்ணு அனுப்புவான், அதையும் வாங்கி நக்கு."

"சும்மா ஒரு சொட்டு பாருங்க மச்சான்."

ஒரு கரண்டி வாயில் விட்டேன். ஏதோ புளிப்பு, ஏதோ இனிப்பு. கண்களை மூடினேன். மூன்று எண்ணினேன். "தொழிற்சாலை நாத்தம். இஞ்சிங்கறது இதுல படமாத்தான் இருக்கு. நம்ம சாறு பக்கத்துல இது நிக்காது" என்றேன்.

கிரிஸ்புலோ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். இன்று சிரிக்கவில்லை. பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான். நன்றாக உறைத்திருக்கிறது. உறைக்கட்டும்.

மே 1

மாட்டிக்கொண்டேன்.

மதியம் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து ஒலிம்பியா வந்து நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தாள். மூடி திறந்திருந்தது. உள்ளே கினமோஸ். இறாலை உப்பில் போட்டு மாதக்கணக்கில் புளிக்க வைத்த விழுது. அதைத் திறந்தால் தெருக்கோடி நாய் எழுந்து உட்காரும். நான் பேப்பரின் நான்காம் பக்கம் வரை படித்திருந்தேன்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"மார்ச்லேர்ந்து."

"நியேவெஸ் மீனு?"

பேப்பரை மடித்து வைத்தேன்.

"திருவிழாவுக்கு அறுபது வீட்டுக் கொழந்தைங்க சாப்பிடும், வாத்தியாரே. அதுக்கு முன்னாடி நீங்களா சொல்லணும். இல்லேன்னா கோயில் மைக்கப் பிடிச்சு நான் சொல்வேன்."

செய்வாள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதே, ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னாள்.

மே 3

சொல்லவில்லை.

மே 5

இன்றும். ஆனால் இன்று மழை, அதனால் கணக்கில் சேராது.

மே 8

சிறுகோயிலில் கூட்டம். கோழி யார் பொறுப்பு என்று கை தூக்கச் சொன்னார்கள். சொல்லத்தான் எழுந்தேன், சத்தியமாக. அதற்குள் நியேவெஸ் எழுந்து, "சார் மூக்கு இருக்கறப்ப நமக்கு என்ன பயம்? சோடாவக் குடிக்கறதுக்கு வெச்சுக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முப்பத்தெட்டு கை, கிரிஸ்புலோவுக்கு ஏழு. ஏழில் ஒன்று என் மனைவியுடையது.

கிரிஸ்புலோ தன் பங்குக்கு ஒரு தொட்டி சோடாக் கோழி தனியாகச் சுடப் போகிறானாம். "சார் கோழி தீந்து போனா என்கிட்ட வாங்க" என்றான்.

ஜெயித்துவிட்டேன்.

மே 14

மாலை ஆறு மணி.

விடியும்போதே நாற்பது கோழி வெட்டி வாங்கி வந்து மூன்று தொட்டியில் வைத்தோம். இரண்டு தொட்டி குளிர்பெட்டியில் போயிற்று, ஒன்று இடமில்லாமல் சமையலறையில் ஐஸ் போட்டு நின்றது. ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. பெட்டியைத் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர் போகும் என்று நியேவெஸுக்கும் இன்னும் மூன்று பெண்களுக்கும் வெப்பம் பரவுவதைப் பற்றி ஒரு பாடமே நடத்தினேன். பிறகு அவர்கள் போனதும் நானே ஏழு தரம் திறந்து பார்த்தேன். ஐஸ் கடையில் ஐஸ் இல்லை. நாலரைக்குத்தான் கரண்ட் வந்தது. ஐஸ் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர்.

எல்லாரும் சமையலறையில் கூடிவிட்டார்கள். யாருக்கும் கவலையே இல்லை. கவலைப்படுவானேன், சார் இருக்கிறாரே.

"மோந்து பாத்துச் சொல்லுங்க சார். நாங்க போயி இஞ்சி தட்டணும்" என்றாள் நியேவெஸ்.

ஒலிம்பியா கதவோரம் கை கட்டி நின்றாள்.

கண்ணாடியைக் கழற்றினேன். கண்களை மூடிக் குனிந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வெறும் காற்று. நான்கு, ஐந்து. அறுபது வீடு. கெட்டதில்லை என்று சொன்னால் அறுபது வீடு, கெட்டது என்று சொன்னால் நல்ல கோழி நாற்பதும் குழியில். பதினொன்று வரை எண்ணியிருப்பேன்.

"தூங்கிட்டாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கிரிஸ்புலோவக் கூப்பிடுங்க" என்றேன்.

வந்தான், வாயில் பல் குத்தும் குச்சியோடு. "என்ன மச்சான், சோடா கடன் வேணுமா?"

"நீ மோந்து பாரு. எனக்கு மூக்கு போயிடுச்சு. மார்ச்லயே."

முதலில் வாய் திறந்தது நியேவெஸ்தான். அவள் கணக்கில் புலி, எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்போ என் மீனு?"

"தெரியாமத்தான் சொன்னேன் நியேவெஸ். கண்ணு கலங்கியிருந்தத பாத்தேன். மூக்கு இல்லன்னு சொல்ல வெக்கப்பட்டுச் சொல்லிட்டேன்."

"ரெண்டு நாளு சார். ரெண்டு நாளு கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அந்த மீன்காரியோட செத்துப் போன புருஷனையெல்லாம் இழுத்துத் திட்டினேனே."

திட்டு இன்னும் வரும் என்று தலை குனிந்து நின்றேன். நானும் பையன்களை இப்படி நிற்க வைத்திருக்கிறேன். நிற்பது இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

கிரிஸ்புலோ குச்சியைத் துப்பிவிட்டு மூன்று தொட்டியையும் ஒவ்வொன்றாக முகர்ந்தான். சும்மா, நாய் முகர்கிற மாதிரி, ஒரு நாடகமும் இல்லாமல். "பெட்டில இருந்த ரெண்டும் சுத்தம். இது போச்சு" என்று ஐஸ் தொட்டியைக் காட்டினான். ஒலிம்பியாவும் முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். வாழையடியில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம்.

மண்ணைத் தள்ளும்போது அவன் மெதுவாகச் சொன்னான்: "எனக்குத் தெரியும் மச்சான். அன்னிக்கி அந்த டிராகன் பாட்டில்ல இருந்தது உங்க சாறுதான். அக்காதான் ஊத்திக் குடுத்தா. தொழிற்சாலை நாத்தம்னீங்க."

"ஏண்டா, கூட்டத்துல அத சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்." மண்வெட்டியை உதறினான். "ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டீங்க."

மே 15

ஒரு தொட்டி குறைந்தது. கிரிஸ்புலோவின் கோழி இன்று காலையில்தான் வந்தது. நேற்றே வாங்கி வைக்காதது வெறும் சோம்பேறித்தனம், இருந்தாலும் அது கெடவில்லை. அவன் தொட்டியை என் கரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். சாற்றைக் கரண்டியில் எடுத்து நக்கி, என் சாற்றுக்கு உப்பு போதாது என்றான். ஒரு கை போட்டேன். இன்னும் என்றான். போட்டேன். மூக்கு இருந்த நாளில் இவன் சொல்லி ஒரு துளி உப்பு போட்டிருப்பேனா?

தீ எனக்கு. அதற்கு மூக்கு வேண்டாம். எண்ணெய் சொட்டும்போது கரி போடுகிற சத்தம் வேறு, கறியின் நீர் சொட்டும்போது வேறு. தோல் எந்தச் சிவப்பில் திரும்ப வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். மாலை வரை விசிறினேன். எது வினிகர் குச்சி, எது சோடாக் குச்சி என்று கலந்துபோயிற்று.

நியேவெஸ் மூன்று கால் தின்றாள். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வருஷந்தான் சார் கோழி உண்மையிலேயே நல்லா இருக்கு. பஞ்சு மாதிரி" என்றாள்.

நான் கிரிஸ்புலோ பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலே அவன் சிரிப்பது தெரிந்தது.

மே 16

சந்தைக்குப் போய் மீன்காரியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, "அந்த மீனு சுமாராத்தான் சார் இருந்துச்சு. அதான் நானும் ஒண்ணும் பேசல" என்றாள்.

எழுபது வயதில் இப்படி ஒரு தேர்வு. இரண்டு பேரும் ஃபெயில்.

மே 24

மூக்கு வரவில்லை. ஒலிம்பியா தினமும் காலையில் கினமோஸ் ஜாடியைத் திறந்து முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். சிகிச்சை என்கிறாள். பழிவாங்குகிறாள் என்று நினைக்கிறேன்.

கோழிக்கான அளவுகளை முதல் முறையாக எழுதி வைத்தேன். கண்ணளவு, கையளவு என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்ட எல்லாவற்றுக்கும் இப்போது கரண்டிக் கணக்கு. வினிகர் இரண்டு கப். கலமன்சி இருபது. உப்பு, கிரிஸ்புலோ சொன்னபடி. கடைசி வரி, சோடா அரை கப். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

ஜூன் 3

மாலை நியேவெஸ் ஒரு தட்டில் மீனோடு வந்து வேலியருகே நின்றாள். பழக்க தோஷம். என்னைப் பார்த்ததும் தயங்கினாள். நான் எழுந்து எதிர் வீட்டைப் பார்த்து, "டேய் கிரிஸ்புலோ, மூக்கக் கொண்டா" என்று கத்தினேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். தட்டை வாங்கிக்கொண்டான். உடனே குனியவில்லை.

"மச்சான், உங்க கண்ணாடியக் குடுங்க."

"உனக்கு எதுக்குடா? உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"கழட்டறதுக்கு."

கொடுத்தேன். போட்டுக்கொண்டான். கழற்றினான். கண்களை மூடிக் குனிந்தான். நியேவெஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மனசுக்குள் எண்ணினேன். சரியாக மூன்று.