இருபத்தொன்பது அங்குலச் சக்கரம்

அன்பு மகன் ஹென்றிக்கு, தூத்துக்குடியிலிருந்து அம்மா எழுதுவது. மாதா கிருபையில் அப்பா, நான், உன் தங்கை மூன்று பேரும் சுகம், தங்கையின் இடது மணிக்கட்டை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நியூசிலாந்தில் குளிர் எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்க வேண்டும், கேட்டாகிவிட்டது. நான் போனில் பேச ஆரம்பித்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கையால் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். இதை நடுவில் கட் பண்ண முடியாது, கடைசி வரை படி.

ஷெர்லின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுப்பது போதாதென்று, ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு ஒரு கூட்டத்தோடு சேர்ந்து உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் சைக்கிள் ஓட்டப் போகிறாள் என்று உனக்குத் தெரியும். இரவல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவள் உன்னிடம் ஒன்று கேட்டாள். நீயும் ஹார்ட்டெயில் என்று ஒரு பெயர் சொன்னாய், முன்னால் மட்டும் ஷாக், பின்னால் வெறும் கம்பி, மலைக்கும் மணலுக்கும் அதுதான் சரி என்றாய். தங்கைக்கு அண்ணன் வாங்கித் தருகிறான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதன் அளவைக் கேட்க உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அன்றைக்கு மணப்பாட்டு ஜெயபாய் முதல் தடவையாக நம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மகன் விக்டர் கப்பலில் ஆபீசர், ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. பெண் ஐந்தடி நாலுக்குக் குறையக் கூடாது, பீடத்துக்கு முன்னால் ஜோடியாக நின்றால் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று தரகரிடம் முதலிலேயே சொல்லி அனுப்பியவள். நான் ஐந்தடி ஐந்து என்று சொல்லியிருந்தேன். ஊரில் யார்தான் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லவில்லை, எனக்கு நாலு தேவைப்பட்டது, சொன்னேன். கோயிலில் ஷெர்லினைக் குதிகால் செருப்போடு நிறுத்திக் காட்டியும் ஆகிவிட்டது. ஜெயபாய் மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிற நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். நான் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன் என்று உனக்குத் தெரியாதா? அம்மா, ஷெர்லின் சரியா எவ்வளவு உயரம், சக்கரம் எது போடன்னு பார்க்கணும் என்கிறாய். எதிரே அவள் உட்கார்ந்திருக்க நான் வேறு எதைச் சொல்ல முடியும், ஐந்தடி ஐந்து என்றேன். அதோடு விட்டாயா? நல்லா அளந்தியா, அவ என் தோளுக்குக் கீழதானே நிப்பா என்றாய். குட்டையானவர்களுக்கு இருபத்தேழரை அங்குலச் சக்கரமும் சின்ன பிரேமும், உயரமானவர்களுக்கு இருபத்தொன்பது, மாற்றி வாங்கினால் காலை ஊன்ற முடியாது என்று கோயில் மைக்கில் அறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தாய். ஜெயபாய் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். இருபத்தொன்பதே வாங்கு என்று சொல்லிப் போனை வைத்தேன். கூடப் பிறந்தவளின் உயரம் தெரியாத அண்ணன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். சந்தேகம் வந்தால் அவளிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்குச் சொல்லாமல் அனுப்பி அசத்த வேண்டும் என்று உனக்கு ஆசை, அசத்திவிட்டாய்.

பெட்டியில் வந்து இறங்கியது சைக்கிளா, கன்றுக்குட்டியா என்று தெரியவில்லை. சீட்டை அடிமட்டம் வரை இறக்கியும் உன் தங்கையின் கால் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. சக்கரத்தை மட்டும் சின்னதாக மாற்றலாமே என்று நான் கேட்டதற்கு, மாத்துனா பெடல் தரையில இடிக்கும்மா, பிரேமும் பெருசுதான் என்றாள். திருப்பி அனுப்பிடலாம் என்றாள். திருப்பி அனுப்பினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், அந்தச் சைக்கிள் கூட்டத்தில் விக்டரின் சித்தி மகளும் ஓட்டுகிறாள். அடி தடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஓட்டு, அண்ணன் ஆசையாக அனுப்பியது என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். மணலில் முன்சக்கரம் புதைந்திருக்கிறது, காலை ஊன்றப் பார்த்திருக்கிறாள், தரை எட்டவில்லை, அந்தத் தடித்த அடி பெடலில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதுகூட அவள் அழவில்லை, நான்தான் அழுதேன், ஜெயபாய்க்கு என்ன சொல்வது என்று.

உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அல்லவா, அவருக்கு எல்லாமே கண்டெய்னர்தான். ஏளா பிளாரன்ஸ், எடையை மாத்திச் சொல்லிக் கப்பல்ல ஏத்துனா கப்பல்தான் சாயும் என்றார். சோற்றைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருங்கள் என்றேன்.

அடிபட்டவளைப் பார்க்க ஜெயபாயும் விக்டரும் ஹார்லிக்ஸோடு வந்தார்கள். சைக்கிளை மாடியில் ஏற்றி வையுங்கள் என்று நான் சொன்னதை அப்பா கேட்கவில்லை, ஹாலிலேயே நின்றது. விக்டர் சீட்டைத் தடவிப் பார்த்தான், இதுக்கு மேல இறங்காதே, நீங்க எவ்வளவு உயரம் என்று சும்மாதான் கேட்டான். உன் தங்கை வாயைத் திறந்து, அஞ்சடி ஒண்ணு, அம்மா சொன்னதுல நாலு அங்குலம் என்னுது இல்ல என்றாள். ஜெயபாய் எழுந்து நின்றாள். ஏளா, செருப்பக் கழட்டிட்டு அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துல நில்லு என்றாள், மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. கையில் கட்டோடு அவள் போய் நின்றாள். சக்கரம் அவள் இடுப்பை எட்டப் பார்த்தது. உயரத்துலயே நாலு கூட்டுனவ வயசுல எத்தனையக் குறைச்சிருக்காளோ என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஜெயபாய் இறங்கிப் போனாள். விக்டர் தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் போனான். ஹார்லிக்ஸை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

சம்பந்தம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாள், அதோடு இன்னொன்றும் வந்தது. அந்தச் சைக்கிள் விலைக்குக் கிடைக்குமா என்று விக்டர் கேட்டானாம். உன் தங்கைக்கு அவன் உயரம் பொருந்தவில்லை, நீ அனுப்பிய சைக்கிளுக்குப் பொருந்திவிட்டது. கடலில் தள்ளினாலும் தள்ளுவேன், அவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். அதற்குள் ஷெர்லின் அவனுக்கே போன் போட்டு, வந்து எடுத்துக்கோங்க என்றுவிட்டாள். அவன் வந்தான், சீட்டை நாலு விரல் உயர்த்தினான், ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் சுகமாக ஊன்றிச் சிரித்தான். இவளும் வாசலில் நின்று சிரிக்கிறாள். அவன் தெரு முனை திரும்பியதும் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், குட்டச்சி, உனக்குக் கடைசி வரை எவன் வருவான் என்றேன். பெற்ற மகளைத்தான் சொன்னேன், வேறு யாரையும் இல்லை.

அவள் நேரே உள்ளே போனாள். ஹாலில் மாட்டியிருக்கிற எங்கள் கல்யாணப் போட்டோவை ஒற்றைக் கையால் கழற்றி என் மடியில் வைத்தாள். அதில் நான் அப்பாவின் காதளவு நிற்பேன், நீயும் பார்த்திருக்கிறாய். என் மாமியார், பொண்ணு குத்துவிளக்கு உயரம்கூட இல்லியே என்று கோயில் வாசலிலேயே எல்லோரும் கேட்கச் சொல்லி, முழங்காலிடுகிற பலகை ஒன்றை எடுத்து வரச் செய்து அதன்மேல் என்னை ஏற்றிப் பட்டுச்சேலையால் மூடிப் படம் பிடித்தார்கள். ஏறும்போது யாரோ சிரித்தது இன்னமும் என் காதில் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளுக்கு அப்பா சொல்லியிருக்கிறார். ஷெர்லின் என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா, நீ இன்னும் அந்தப் பலகை மேலதான் நிக்கிற, கால் வலிக்கலியா, இறங்கேன் என்றாள். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது?

சரி, எழுத வந்த விஷயத்தைச் சொல்கிறேன். இருபத்தேழரை அங்குலச் சக்கரம், பிரேம் சின்னது, மணலுக்குத் தோதாகக் கொஞ்சம் அகலமான டயர். கட்டுப் பிரிப்பதற்குள் வந்து சேர வேண்டும். இந்தத் தடவை நானே தையல் டேப்பை வைத்து அளந்தேன். வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்தினேன், ஐந்தடி ஒன்று, காலின் உள்ளளவு இருபத்தெட்டு அங்குலம், ஒரு நூல் கூட்டவில்லை. உச்சந்தலையில் டேப் சரியாக நிற்கிறதா என்று பார்க்க என் கண் எட்டவில்லை, நாற்காலி போட்டு ஏறவும் எனக்கு மனமில்லை. அவளேதான் டேப்பின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டாள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். என் மகள் என்னைவிட எவ்வளவு உயரம்.

மாதா உன்னைக் காக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்குத் துணையாக இருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து ஒரு வரன் வருகிறது, அன்றைக்கு முழுவதும் எனக்குப் போன் செய்யாதே. அவள் உயரத்தை யாராவது உன்னிடம் கேட்டால் அவளையே கேட்கச் சொல். என்னிடம் கேட்டால் என் வாயில் ஐந்தடி ஐந்துதான் வரும்.

உன் அம்மா,
பிளாரன்ஸ்